வழியைக் கற்பியுங்கள்: துடியலூர் வட்டார உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

துடியலூர்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,



மேட்டுப்பாளையம் சாலையின் இரு மருங்கிலும் கவுண்டம்பாளையம் தொடங்கிப் பெரியநாயக்கன்பாளையம் ஈறாகவும், சாலையை விட்டு உள்ளடங்கிய வெள்ளக்கிணறு, இடிகரை முதலிய ஊர்களிலும் இருந்து நம் பள்ளிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு உயிரியல் என்னும் அரிய சாஸ்திரத்தை ஆண்டுதோறும் பொறுமையோடு போதித்துவரும் உங்களிடம், அதே தொழிலில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன் என்னும் உரிமையை முன்னிட்டு, ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவே இம்மடலை எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நோய்த்தடைக்காப்பைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது, நிணநீர் முடிச்சை உறுப்புகளின் பட்டியலில் ஒன்றாகச் சொல்லிக் கடந்துவிடாமல், இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிணநீர்ச் செல்கள் அம்முடிச்சுக்குள் எவ்வழியாக நுழைகின்றன, அங்கே எதைத் தேடுகின்றன, தேடியது கிடைக்காதபோது எவ்வழியாக வெளியேறி மீண்டும் இரத்தத்தை அடைகின்றன என்னும் பிரயாணத்தை முழுமையாக விளக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். சரீரத்தின் காவல் முழுவதும் இந்த ஓயாத சஞ்சாரத்தையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. வழியை அறியாத மாணவன் உறுப்பின் பெயரை எத்தனை முறை மனனம் செய்தாலும் அதன் பயனை அறிந்தவன் ஆகமாட்டான்.

பட்டியலாகக் கற்ற கல்வி ஒரு வீட்டின் கவலைக்கு முன்னால் எவ்வாறு வாயடைத்து நின்றுவிடுகிறது என்பதை நேரில் கண்ட ஒரு சந்தர்ப்பமே இதை எழுதத் தூண்டியது. பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்த எங்கள் வீதிப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். பிறந்தவுடன் இடது புஜத்தில் பி.சி.ஜி. ஊசி போட்டிருந்த அக்குழந்தையின் இடது அக்குளில், சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது, தொட்டால் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, மேல்தோல் சிவக்கவில்லை, குழந்தை அழவுமில்லை. "சாருங்க, அக்குள்ல நெறி கட்டியிருக்குதுங்க. ஊசி போட்டதுனால வந்த வெனைன்னு எங்க அத்தை சொல்றாங்க. அடுத்த ஊசிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். உடன் வந்திருந்த அவள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவள். அவளைப் பார்த்து, "நிணநீர் முடிச்சு என்றால் என்னம்மா?" என்றேன். "இரண்டாம் நிலை நிணநீரிய உறுப்புங்க சார், மண்ணீரல், டான்சில் எல்லாம் அதுல வருமுங்க" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள், ஆனால் அக்காள் குழந்தையின் அக்குளில் விரலுக்குத் தட்டுப்படுகிற முடிச்சும் தான் ஒப்பித்த உறுப்பும் ஒன்றே என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். பி.சி.ஜி. போட்ட சில குழந்தைகளுக்கு அப்பக்கத்து முடிச்சு இவ்வாறு பருப்பது உண்டென்றும், பெரும்பாலும் தானே அடங்கிவிடுமென்றும், மற்ற ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டுமென்றும் அவர் தேற்றி அனுப்பினார். புஜத்தில் போட்ட ஊசிக்கு அக்குள் ஏன் பதில் சொல்கிறது என்பதை அந்தத் தங்கையே அக்காளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய செய்திகள் அவள் பாடத்தில் துண்டு துண்டாக இருந்தன. அவற்றைக் கோக்கும் வழி மட்டும் அவளுக்குக் காட்டப்படவில்லை.

நெறி கட்டும் இவ்விஷயம் நம் சீமைக்கு அந்நியமான ஒன்றும் அன்று. 1896-ஆம் ஆண்டு பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக் என்னும் கொள்ளைநோய், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளில் கோயம்புத்தூரை மீண்டும் மீண்டும் வந்து வருத்தியதை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 53,000-க்கு மேல் இருந்த நகர மக்கள் தொகை, 1911-இல் ஏறத்தாழ 47,000 ஆகக் குறைந்துபோயிற்று. வளர்ந்துகொண்டே வந்த ஒரு நகரம் பத்தாண்டுகளில் சுருங்கிவிட்டது என்றால், அக்காலத்து வீடுகளில் எத்தனை விளக்குகள் அணைந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எலி செத்து விழுந்த வீட்டை விட்டு ஜனங்கள் வெளியேறி, காட்டிலும் தோட்டத்திலும் சாளை போட்டுக்கொண்டு நாள் கழித்தார்கள். அந்தப் பீதியின் நினைவாகவே நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நின்று வழிபாடு பெறுகின்றன. அந்நோயின் பிரதான அடையாளமாக மக்கள் அஞ்சியது எதை? தொடையிடுக்கிலும், அக்குளிலும், கழுத்திலும் திடீரென்று கட்டிக்கொண்டு, தொட முடியாத வேதனையைத் தந்த நெறியைத்தான். 1894-இல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்சின் அக்கிருமியைக் கண்டறிந்ததும், இறந்தவர்களின் அத்தகைய நெறிக் கட்டியிலிருந்து எடுத்த சீழைப் பரிசோதித்தே ஆகும். 1897-இல் ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசியைத் தயாரித்துத் தம் உடம்பிலேயே முதலில் குத்திக்கொண்டார். 1898-இல் போல்-லூயி சிமோன் எலித் தெள்ளே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். ஆயினும், தெள்ளு காலைக் கடித்திருக்கத் தொடையிடுக்கு ஏன் வீங்குகிறது என்னும் கேள்விக்கு முழு விடை கிடைப்பதற்கு, உலகம் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்விடையின் முதற்பாதியை உங்கள் மாணவர்கள் ஓரளவு அறிவார்கள். இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவம் நிணநீராகச் சேர்ந்து, மெல்லிய நாளங்களின் வழியே ஊர்ந்து, இடையிடையே முடிச்சுகளினூடே வடிந்து, முடிவில் பெரும்பாலும் மார்பு நிணநாளம் என்னும் பெருங்குழாயை அடைந்து, கழுத்தின் இடப்புற அடியில் சிரைகள் கூடுமிடத்தில் இரத்தத்தோடு கலக்கிறது. காலில் புகுந்த கிருமி தொடையிடுக்கு முடிச்சுக்கும், புஜத்தில் போட்ட மருந்து அக்குள் முடிச்சுக்கும் இவ்வழியாகவே வந்து சேர்கின்றன. விடையின் மற்றப் பாதிதான் அதிசயமானது. மார்பு நிணநாளத்தின் வழியே ஒவ்வொரு நாளும் இரத்தத்தில் வந்து விழும் நிணநீர்ச் செல்களின் தொகை, இரத்தத்தில் ஒரு சமயம் இருக்கும் அச்செல்களைப் பல மடங்கு மாற்றீடு செய்யப் போதுமானது. அங்ஙனமிருந்தும் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை ஏறுவதில்லை. வந்தவை எங்கே போயின? செத்து ஒழிகின்றன என்றார் சிலர். வேறு வகைச் செல்களாக உருமாறுகின்றன என்றார் வேறு சிலர்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில், பெனிசிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியின் தூண்டுதலால் இப்புதிரை ஆராயத் தொடங்கிய ஜேம்ஸ் கோவன்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், எலியின் மார்பு நிணநாளத்தில் மயிரிழை போன்ற ஒரு குழாயைப் பொருத்தி, அதில் வழியும் நிணநீரை நாட்கணக்கில் வெளியே வடித்தார். சில நாட்களுக்குள் நிணநீரில் வரும் செல்களின் தொகை அடியோடு வீழ்ந்தது. வடித்த செல்களை உயிரோடு மீண்டும் எலியின் இரத்தத்தில் செலுத்தியபோது, குறைந்துபோன தொகை பழைய நிலைக்கு வந்தது. எனவே நிணநீரில் வருபவை புதிதாகப் பிறந்து வருபவை அல்ல, இரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து இரத்தத்துக்கும் மீண்டும் மீண்டும் சுற்றிவரும் அதே செல்களே என்று 1959-இல் அவர் நிறுவினார். பின்னர் நைட் என்பவரோடு சேர்ந்து, கதிரியக்க அடையாளமிட்ட செல்களை எலிக்குள் செலுத்தி, அவை எவ்விடத்தில் இரத்தத்தை விட்டு இறங்குகின்றன என்று தேடிப் பார்த்தார். நிணநீர் முடிச்சுக்குள் ஓடும் ஒரு பிரத்தியேகமான நுண்சிரையின் சுவரைத் துளைத்துக்கொண்டு அவை உள்ளே புகுவது 1964-இல் வெளியான அவ்வாராய்ச்சியில் தெளிவாயிற்று. மற்ற நாளங்களின் உள்வரிச் செல்கள் தட்டையாகப் படிந்திருக்க, இச்சிரைகளின் உள்வரிச் செல்களோ உயரமாகவும் பருத்தும் நிமிர்ந்து நிற்கின்றன. உருப்பெருக்கியின் கீழ் ஒரு முறை கண்டவர் அச்சுவரைப் பிறகு மறக்க மாட்டார்.

சுவர் எது என்பது விளங்கிய பின், ஓடும் இரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் செல் அச்சுவரை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்னும் கேள்வி எழுந்தது. கெஸ்னர், கின்ஸ்பர்க் என்னும் இருவர், நிணநீர்ச் செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைத் தொகுதிகளை நொதியால் அகற்றிவிட்டு இரத்தத்தில் விட்டபோது, அச்செல்கள் முடிச்சுகளுக்குப் போகாமல் கல்லீரலில் போய்ச் சிக்கிக்கொண்டதை 1964-இலேயே கண்டிருந்தார்கள். 1976-இல் ஸ்டாம்பரும் உட்ரஃபும் செய்துகாட்டிய பரிசோதனையை, அதன் எளிமைக்காகவே உங்கள் வகுப்பில் விரித்துரைக்க வேண்டும். நிணநீர் முடிச்சை உறையவைத்து, மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதன்மேல் நிணநீர்ச் செல்கள் கலந்த திரவத்தை ஊற்றி, குளிர்ந்த நிலையில் மெல்லச் சுழற்றினார்கள். பிறகு ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு நோக்கினால், சீவலின் பரப்பு முழுவதும் வெறுமையாகக் கிடக்க, அந்த உயர்ந்த சுவருடைய நுண்சிரைகள் இருந்த இடங்களில் மட்டும் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உயிருள்ள பிராணி இல்லை, ஓடும் இரத்தம் இல்லை. ஆயினும் செல்லுக்குத் தன் சுவர் தெரிந்திருந்தது. 1983-இல் ஸ்டான்போர்டில் கலட்டின், வைஸ்மன், புட்சர் ஆகிய மூவர், செல்லின்மேல் அவ்வடையாளத்தை அறியும் மூலக்கூறை மறைத்துவிடும் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள்; அதைச் சேர்த்தவுடன் செல்களுக்கு அச்சுவரில் ஒட்டும் சக்தி போய்விட்டது. அம்மூலக்கூறே இன்று எல்-செலக்டின் என்று அழைக்கப்படுகிறது.

இவ்வாராய்ச்சிகளும் இவற்றைத் தொடர்ந்தவையும் சேர்ந்து காட்டிய பிரவேச முறை நான்கு படிகளைக் கொண்டது. நான்கும் வரிசை பிசகாமல் நிகழ வேண்டும். இரத்த வேகத்தில் வரும் செல், முதலில் தன் எல்-செலக்டினால் சுவரிலுள்ள சர்க்கரைத் தொகுதிகளைப் பற்றுகிறது. அப்பற்று உறுதியற்றதாகையால் பற்றியும் விட்டும் பற்றியும் சுவரையொட்டி மெல்ல உருள்கிறது. உருளும்போது, சுவரின்மேல் படிந்திருக்கும் சி.சி.எல்.21 என்னும் கீமோகைனை, அதாவது செல்களை ஈர்க்கும் சமிக்ஞைப் பொருளை, தன் மேலுள்ள சி.சி.ஆர்.7 என்னும் ஏற்பியால் உணர்கிறது. அந்தச் சமிக்ஞை கிடைத்த கணத்தில், அதுவரை மடங்கிக் கிடந்த எல்.எஃப்.ஏ.-1 என்னும் இன்டெக்ரின் நிமிர்ந்து விரிந்து, சுவரிலுள்ள ஐ.சி.ஏ.எம்.-1 என்னும் மூலக்கூறை இறுகப் பற்றிக்கொள்ள, செல் அசையாமல் நிற்கிறது. நின்ற செல் பின்னர்த் தன் உடலை நீட்டியும் ஒடுக்கியும் சுவரின்மேல் ஊர்ந்து, தக்க இடம் கண்டு, ஒரு சில நிமிஷங்களில் அதைக் கடந்து முடிச்சுக்குள் இறங்கிவிடுகிறது. இவ்வரிசையின் அவசியத்தை விளக்க ஓர் உதாரணம் போதும்: நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவுக்கும் எல்-செலக்டின் உண்டு; ஆகையால் அதுவும் அச்சுவரில் உருளுகிறது; ஆனால் அந்தக் கீமோகைனை உணரும் ஏற்பி அதனிடம் இல்லாமையால், சாதாரண காலத்தில் அது நிற்க முடியாமல் இரத்தத்தோடு போய்விடுகிறது.

இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே நுழைவதன் பிரயோஜனம் என்ன என்று உங்கள் மாணவரில் கூர்மையான ஒருவர் கேட்கத்தான் செய்வார். ஒவ்வொரு நிணநீர்ச் செல்லும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் இனங்காணப் பிறந்தது. ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்கை அறியும் செல், லட்சத்தில் ஒன்றாகவோ பத்து லட்சத்தில் ஒன்றாகவோதான் இருக்கும். கிருமியோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். இந்த அரிய செல்லும் அந்தத் துணுக்கும் சந்திக்க வேண்டும் என்றால், சந்திப்புக்கென்று ஸ்தலங்கள் வேண்டும். மனித சரீரத்தில் ஏறத்தாழ 600 இடங்களில் அமைந்துள்ள நிணநீர் முடிச்சுகளே அந்த ஸ்தலங்கள். 1973-இல் ஸ்டைன்மனும் கோனும் கண்டறிந்த டென்டிரைட் செல்கள், காயம்பட்ட இடத்தில் கிருமித் துணுக்குகளைத் திரட்டிக்கொண்டு நிணநீர் வழியாக முடிச்சுக்கு வந்து காட்சிக்கு வைக்கின்றன. அக்கண்டுபிடிப்புக்காக ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தன்னிடமுள்ள காங்கேயம் காளைக்கு நிறமும் கொம்பும் சுழியும் பொருந்திய ஜோடியைத் தேடும் நம் குடியானவர், ஒரு வாரம் ஒரு சந்தை, மறுவாரம் மற்றொரு சந்தை என்று சலியாமல் ஏறி இறங்குவதைப் போல, நிணநீர்ச் செல்லும் ஒரு முடிச்சில் ஏறக்குறைய அரை நாள் முதல் ஒரு நாள் வரை சுற்றிப் பார்த்துவிட்டு, பொருந்துவது கிடைக்காவிடில் அடுத்த முடிச்சை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது.

புறப்படுவதற்கும் ஒரு நியதி உண்டு. பாடம் நடத்துவோர் பெரும்பாலும் தொடாமல் விடும் பகுதி இதுவே. இரத்தத்திலும் நிணநீரிலும் ஸ்ஃபிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் ஒரு கொழுப்புப் பொருள் மிகுதியாகவும், முடிச்சின் திசுவுக்குள் மிகக் குறைவாகவும் இருக்கிறது. இரத்தத்திலிருந்து வந்த புதிதில், அப்பொருளை உணரும் ஏற்பியைச் செல் தனக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். முடிச்சுக்குள் காலம் செல்லச் செல்ல அவ்வேற்பி மீண்டும் மேற்பரப்புக்கு வரும். வந்தவுடன் வெளியேயுள்ள மிகுதியை உணர்ந்து, செல் நிணநீருக்குள் வெளியேறும். ஆனால் தேடியது கிடைத்துவிட்ட செல், அந்த ஏற்பியைச் சில நாட்கள் மறைத்து வைத்துக்கொண்டு அங்கேயே தங்கி, பிரிந்து பிரிந்து ஆயிரக்கணக்காகப் பெருகி, அதன் பிறகே தன் சந்ததியைக் காயம்பட்ட இடத்துக்கு அனுப்புகிறது.

இப்பொழுது நெறி கட்டுவதன் மர்மம் விளங்கிவிடும். கிருமியின் செய்தி வந்த முடிச்சுக்கு இரத்த ஓட்டம் பெருகுகிறது, நுழையும் செல்களின் தொகை உயர்கிறது, வெளியேறும் வாயில் சிறிது காலம் அடைபடுகிறது, உள்ளே தங்கியவை பெருகுகின்றன, முடிச்சு பருக்கிறது. முள் குத்திய காலுக்குத் தொடையிடுக்கு நெறி கட்டுவதும், ஊசி போட்ட புஜத்துக்கு அக்குள் முடிச்சு பருப்பதும், சரீரம் தன் கடமையைச் செய்துகொண்டிருப்பதன் சாட்சியங்களே ஆகும். பிளேக் நெறியோ இதற்கு மாறானது. அங்கே கிருமியே முடிச்சுக்குள் பெருகி அதன் அமைப்பைச் சிதைத்துவிடுகிறது. மேலும், பிளேக் கிருமி வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு, நான் மேலே சொன்ன ஸ்ஃபிங்கோசின்-1-பாஸ்பேட்டின் சமிக்ஞையாலேயே ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குப் பரவுகிறது என்பதைச் சுண்டெலிகளில் செய்த ஆராய்ச்சி 2014-இல் காட்டியது. நம் பாட்டன்மார் ஊரை விட்டோடிச் சாளை போட்டுக்கொள்ளக் காரணமான அந்தப் பகைவன், காவலர் நடக்கும் பாதையிலேயே காவலரின் தோளில் ஏறிப் போயிருக்கிறான் என்று சொன்னால், எந்த வகுப்பில்தான் கவனம் குவியாமல் இருக்கும்?

வழியின் அருமை அது தடைப்படும்போது நன்கு புலப்படும். இன்டெக்ரினின் ஒரு பாகத்தை உண்டாக்கும் மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களுடைய தொப்புள்கொடி விழ வழக்கத்தைவிட அதிக நாள் பிடிக்கும். இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் காயம் புண்ணாகி அழுகினாலும் அதில் சீழே பிடிக்காது, ஏனெனில் நாளச் சுவரைப் பற்றி நின்று வெளியே இறங்கும் சக்தி அவ்வணுக்களுக்கு இல்லை. படை பெருத்திருந்தும் களத்தை அடைய முடியாமையால் அக்குழந்தைகள் ஓயாத தொற்றுக்கு ஆளாகிறார்கள். இதற்கு மறுபுறமாக, வழியை வேண்டுமென்றே மறிப்பதால் நன்மை விளையும் நோய்களும் உண்டு. ஃபிங்கோலிமோடு என்னும் மருந்து, ஒரு பூஞ்சையில் கிடைத்த பொருளை மாதிரியாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அது நிணநீர்ச் செல்களை முடிச்சுகளுக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. சரீரம் தன் நரம்புறைகளைத் தானே தாக்கும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அதை வழங்க அமெரிக்கா 2010-இல் அனுமதி அளித்தது. செல்லைக் கொல்லாமல் அதன் பிரயாணத்தை மட்டும் மறித்து ஒரு நோயை அடக்கலாம் என்பது, கோவன்ஸ் எலியின் நிணநீரை வடித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் கனவிலும் கண்டிராத பலன் ஆகும்.

இந்த அறிவு நம் ஊர்களில் உடனடியாகப் பயன்பட வேண்டிய ஓர் இடமும் இருக்கிறது. இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே தோன்றும் காசநோயில் பெரும்பங்கு நிணநீர் முடிச்சுகளில், முக்கியமாகக் கழுத்தில், தோன்றுவது. வலி இல்லை என்பதாலேயே அதைப் பொருட்படுத்தாமல் விடுவாரும், சூடு வைப்பாரும், பற்றுப் போடுவாரும், கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு இருப்பாரும் நம்மிடையே உண்டு. தொற்றுக்கு விடையாகப் பருத்த முடிச்சு அத்தொற்று தணிந்ததும் சுருங்கத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் சுருங்காமல் வளர்ந்துகொண்டிருந்தாலும், கல்லைப் போல் இறுகியிருந்தாலும், மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் கூடியிருந்தாலும், தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. இச்செய்தியைச் சுவரொட்டி சொல்வதைவிட, வழியைப் புரிந்துகொண்ட ஒரு பள்ளிப் பிள்ளை தன் வீட்டாரிடம் சொல்வது பலிக்கும். காரணம் தெரிந்து சொல்லும் சொல்லுக்கு எப்போதும் தனி வலிமை உண்டு.

தமிழில் இவ்வளவு சூக்ஷ்மமான விஷயத்தைச் சொல்ல இயலுமா என்று தயங்குவோர் உங்களில் யாரேனும் இருப்பின், நம் சாலையிலேயே சிறிது தூரம் வடக்கே நோக்குமாறு வேண்டுகிறேன். பெரியநாயக்கன்பாளையத்து ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்களே தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் தோற்றுவித்தார்கள். அவ்வித்யாலயத்தில் ஆசிரியராக விளங்கிய நம் கொங்கு நாட்டுப் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. எந்தச் சாஸ்திரத்தையும் தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல முடியும் என்னும் உறுதி இந்தச் சாலையோரத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கைப் பணியாக இருந்திருக்கிறது. அந்த ஆண்டுகளுக்கு இடையேதான் ஆக்ஸ்போர்டில் இந்த வழி கண்டறியப்பட்டது. அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் கடமை நம் தலைமுறைக்கு உரியது.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, பாடத்தை உறுப்புகளின் பெயரில் தொடங்காமல், ஒரு நிணநீர்ச் செல் இரத்தத்தில் புறப்பட்டு, முடிச்சில் இறங்கி, மார்பு நிணநாளத்தின் வழியே இரத்தத்துக்கு மீளும் சுற்றை அம்புக்குறிகளோடு மாணவரே வரையும்படி செய்யுங்கள். எலும்பு மஜ்ஜையும் தைமஸும் மண்ணீரலும் அச்சுற்றில் தத்தம் இடத்தில் தாமாகவே வந்து அமையும். இரண்டாவது, ஸ்டாம்பர், உட்ரஃப் பரிசோதனையைப் போன்ற ஒன்றையேனும், விடையை முதலில் சொல்லிவிடாமல், கேள்வியாக வைத்து அவர்களைச் சிந்திக்க விடுங்கள். விஞ்ஞானம் என்பது பிறர் கண்ட முடிவுகளின் தொகுப்பு மட்டும் அன்று என்பதை அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு உணர்த்திவிடும். மூன்றாவது, தத்தம் ஊரில் பிளேக் காலத்தைப் பற்றி முதியோர் வழிவழியாகக் கேட்டறிந்திருப்பதைத் திரட்டி எழுதி வருமாறு மாணவர்களைப் பணியுங்கள். எந்த ஊர் எங்கே குடிபெயர்ந்தது, எந்தக் கோயில் எப்பொழுது எழுந்தது என்னும் செய்திகளைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். அவற்றை உயிரியல் அறிவோடு சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்குச் சரித்திரமும் விளங்கும், சரீரமும் விளங்கும்.

பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வினாவுக்கு வேண்டாம், ஆனால் உங்கள் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் பெண்களும் பிள்ளைகளும் சில ஆண்டுகளில் தாய் தந்தையராவார்கள், குழந்தைக்கு ஊசி போடலாமா, கழுத்துக் கட்டியை யாரிடம் காட்டுவது, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்னும் கேள்விகளுக்குத் தாமே விடை காண வேண்டிய நாள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்தே தீரும். அன்று அவர்களுக்கு உறுதுணையாக நிற்கப்போவது, நீங்கள் இந்த ஆண்டு நடத்தும் இந்த ஒரு பாடமே ஆகும். அதை வழி காட்டி நடத்துமாறு பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன்,
துடியலூர்.